தெருவோரத்து ஏழையும் சர்க்கரை வியாதியும்

சர்க்கரை வியாதி என்றால் அது பணக்காரர்களுடைய வியாதி என்றும், நெய்யும் பாலும் பலகாரமுமாய்ச் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்து கிடப்பவர்களுக்கு வருவது என்றும் நம் மக்களிடத்தில் ஓர் எண்ணம் நெடுநாளாய் வேரூன்றிக் கிடக்கின்றது. அந்த வியாதி தனக்கு இருக்கிறதென்று சொல்லிக் கொள்ளுவதில் சிலருக்கு ஒரு பெருமைகூட உண்டு. “எனக்குச் சர்க்கரை இருக்கிறது, காப்பியில் சர்க்கரை போடாதே” என்று கலியாணப் பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லுகிறவர்களை நாம் பார்த்திருக்கின்றோம். ஆனால் அதே வியாதி, படுக்க ஒரு திண்ணைகூட இல்லாமல் பிளாட்பாரத்திலும், பஸ் நிலையத்திலும், ரயிலடியிலும், மேம்பாலத்துக்கு அடியிலும் கிடக்கிற ஒரு கிழவனுக்கோ கிழவிக்கோ வந்துவிட்டால் அதன் பெயர் மாறிவிடுகின்றது. அப்போது அது வியாதியாயிருப்பதில்லை. அவன் செய்த குற்றமாய் ஆகிவிடுகின்றது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இவ்வாரம் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, இது பணக்காரனுடைய வியாதி என்பதே பொய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் சோதனை செய்து எடுக்கப்பட்ட கணக்கு ஒன்று 2023-ம் வருஷத்தில் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இவ்வியாதி இருக்கின்றது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். பத்துக் கோடிப் பணக்காரர்கள் இந்நாட்டில் இருக்கிறார்களா என்று நாம் கேட்கின்றோம். அன்றியும் இந்தக் கணக்கு வீடு வீடாய்ப் போய் எடுக்கப்பட்டதாகும். அப்படியானால் வீடே இல்லாதவன் இதில் எப்படிச் சேருவான்? 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பிப்ரவரி 28-ந் தேதி இரவில் தெருவிலும் திறந்த வெளியிலும் படுத்துக் கிடந்தவர்களை எண்ணினார்கள். 17 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம் பேர் என்று தேறிற்று. ஒரே இரவில், கண்ணில் பட்டவர்களை மட்டும் எண்ணின எண்ணிக்கை அது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய அடுத்த கணக்கோ அந்த வருஷத்தில் எடுக்கப்படவே இல்லை. ஆகவே, வியாதியைக் கணக்கெடுப்பவர்கள் வீட்டுக்காரனை எண்ணுகிறார்கள். ஜனங்களைக் கணக்கெடுப்பவர்கள் வீடில்லாதவனைப் பத்து வருஷத்துக்கு ஒரு இரவு எண்ணுகிறார்கள். வீடும் இல்லாமல் வியாதியும் உள்ளவன் இரண்டு நோட்டுப் புத்தகத்துக்கும் நடுவிலே விழுந்து போகிறான்.

அதிகமாய்ச் சாப்பிட்டதால் வருவது என்பதும் முழு உண்மையல்ல. சாப்பாடே இல்லாததாலும் இது வருகின்றது. தாய் வயிற்றிலிருக்கும்போதும் சிறு பிள்ளையாயிருக்கும்போதும் போதிய உணவில்லாமல் வளர்ந்தவர்களுக்குக் கணையம் என்னும் உறுப்பு நன்றாய் வளராமல், இன்சுலின் என்னும் நீரைப் போதிய அளவு சுரக்க முடியாமல் போய்விடுகிறது. இப்படிப்பட்டவர்கள் தொந்தி தொப்பையோடு இருப்பதில்லை, எலும்பும் தோலுமாயிருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1985-ல் இதை ஊட்டக் குறைவால் வரும் நீரிழிவு என்று ஒரு தனி வகையாய் ஒப்புக்கொண்டு, 1999-ல் அந்த வகையைப் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டது. பிறகு 2025-ல் நம் வேலூரிலே மருத்துவ நிபுணர்கள் கூடிப் பேசி, அவ்வருஷத்திலேயே சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு “ஐந்தாம் வகை” என்று பெயரிட்டிருக்கின்றது. இருபத்தைந்து வருஷ காலம் பட்டினிக்காரனுடைய வியாதிக்குப் பெயர்கூட இல்லாமலிருந்தது. பெயரில்லாத வியாதிக்கு ஆராய்ச்சி ஏது, பணம் ஏது? இப்படிப்பட்ட ஒல்லியான நோயாளிக்கு வேறு வகைக்காரர்களுக்குக் கொடுக்கிற அளவில் இன்சுலின் கொடுத்துவிட்டால், சாப்பாடு நிச்சயமில்லாத நாளில் அதுவே அவனைக் கொன்று போடும் என்றும் அந்நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்.

நிற்க, வியாதியைக் குற்றமாக்குகிற வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. மனுதர்ம சாஸ்திரத்தின் பதினோராவது அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். பொன் திருடினவனுக்கு நகம் கெடும் என்றும், கள் குடித்தவனுக்குப் பல் கறுக்கும் என்றும், பார்ப்பானைக் கொன்றவனுக்குக் க்ஷயரோகம் வரும் என்றும் அங்கே ஒரு ஜாபிதாவே இருக்கின்றது. அதாவது நோயாளியைப் பார்த்தவுடனே அவன் போன ஜன்மத்தில் என்ன செய்தான் என்று கண்டுபிடித்துவிடலாமாம்! க்ஷயரோகத்துக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் என்பவர் 1882-ல் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டினார். கிருமியைக் காட்டிய பிறகும் நம் ஜனங்கள் “எந்த ஜன்மத்துப் பாவமோ” என்று சொல்லுவதை விடவில்லை.

இப்போது படித்தவர்கள் மனுவை வெளிப்படையாய்ச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அதற்குப் பதில் “வாழ்க்கை முறை வியாதி” என்று ஒரு புது வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வார்த்தையிலே தப்பில்லை, உடலுழைப்பும் உணவும் தூக்கமும் இவ்வியாதியில் சம்பந்தப்பட்டவை என்பது விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட விஷயமேயாகும். ஆனால் வாழ்க்கை முறையைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்டவனுக்கல்லவா அது பொருந்தும்? பிளாட்பாரத்தில் படுப்பது ஒருவன் பொறுக்கி எடுத்துக்கொண்ட வாழ்க்கை முறையா? பழைய கர்மம் போன ஜன்மத்தைக் காட்டிற்று; புதிய கர்மம் போன வேளைச் சாப்பாட்டைக் காட்டுகிறது. இரண்டும் சொல்லுவது ஒன்றே: “உன்னால்தான் உனக்கு வந்தது, எங்களைக் கேட்காதே.”

சில நாட்களுக்கு முன் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நாம் காத்திருக்க நேர்ந்தது. ஊரையும் பேரையும் சொல்லப் போவதில்லை. எந்த ஊரைச் சொன்னாலும் அநேகமாய்ப் பொருந்தும். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், காலில் ஒரு கந்தையைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி ஒரு கஜ தூரத்துக்கு யாரும் நிற்கவில்லை. சீட்டு எழுதுகிற இடத்திலிருந்து ஒரு சிப்பந்தி, “யோவ் பெருசு, அந்தாண்ட தள்ளி நில்லு, நாத்தம் தாங்கலை” என்றார்.

“கால்ல புண்ணு சார். பத்து நாளாச்சு.”

“எங்கே இருக்கே? அட்ரஸ் சொல்லு.”

“மார்க்கெட்டுப் பக்கம் படுத்துக்குவேன் சார்.”

“அது அட்ரசாய்யா?”

வரிசையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் பணக்காரர்களல்ல, நம்மைப் போன்றவர்களே. எப்படியோ ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு அவர் டாக்டரிடம் போனார். டாக்டர் கெட்ட மனிதரல்ல. நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். அவர் தலை நிமிராமலே கேட்டார்: “என்ன பெரியவரே, மாத்திரை சாப்பிடறீங்களா? சோறைக் குறைக்கணும். காய், கீரை நிறையச் சேர்த்துக்கணும். நேரத்துக்குச் சாப்பிடணும். நல்லாத் தூங்கணும். தினம் ஒரு மணி நேரம் நடக்கணும்.” கிழவர் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்” என்று தலையாட்டினார். அந்தக் கந்தையை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகு நாம் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “கீரையை எங்கே வச்சு ஆக்கறது தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அந்த உபதேசத்தை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போம். தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டுமாம். இடம் விட்டு இடம் விரட்டப்படுகிறவன் நாளெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறான். நன்றாய்த் தூங்க வேண்டுமாம். இரவில் போலீஸ்காரர் தடி தட்டி எழுப்புவதும், விடியுமுன் கடைக்காரர் தண்ணீர் தெளித்து எழுப்புவதும், கொசுவும் மழையும் போக மிச்சமுள்ளதுதான் அவன் தூக்கம். சோறைக் குறைக்க வேண்டுமாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருவிலிருப்பவன் என்ன சாப்பிடுவது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. புண்ணியம் தேடுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் சர்க்கரைப் பொங்கல். இன்னொரு நாள் யாரோ ஒரு செல்வரின் மகனுக்குப் பிறந்த நாள். கேசரியும் லட்டும் பொட்டலம் பொட்டலமாய் வருகின்றன. மற்றொரு நாள் தேங்காய் மூடியும் வாழைப்பழமும். இடையில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. கொடுக்கிறவர்களுக்கு, இதை வாங்கித் தின்கிறவனுக்கு என்ன வியாதி என்ற கவலை கிடையாது. ஏனென்றால் அவர்கள் அவனுக்காகக் கொடுக்கவில்லை. தங்கள் மோட்சத்துக்காகக் கொடுக்கிறார்கள். தித்திப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற பக்தரும், “ஏன் தித்திப்புச் சாப்பிட்டாய்” என்று கோபிக்கிற டாக்டரும் ஒருவரையொருவர் சந்திப்பதேயில்லை. நடுவிலே நின்று இரண்டு பேரிடமும் கைகட்டிப் பதில் சொல்லுகிறவன் அந்த ஏழைதான். பொங்கலை வேண்டாமென்றால் பட்டினி. சாப்பிட்டாலோ புத்தி கெட்டவன் என்ற பட்டம். இதற்குமேல் “பிச்சைக்காரனுக்குக் கொழுப்பைப் பார், சாமி பிரசாதத்தை வேண்டாமென்கிறான்” என்று வையப்பட்டவர்களும் உண்டு.

இதற்கு மாறாகச் சென்னையில் 2013-ல் ஏற்பட்ட மலிவு விலை உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி என்று தொடங்கினார்கள். அதுவும் அரிசிதான் என்றாலும் ஒரு பெரிய சௌகரியம் அதில் இருந்தது. குறித்த நேரத்தில், காசு கொடுத்து, தலை நிமிர்ந்து சாப்பிடலாம். யாருடைய மோட்சத்துக்கும் அவன் ஏணியாக வேண்டியதில்லை. சர்க்கரை வியாதிக்காரனுக்கு இன்ன வேளைக்குச் சாப்பாடு உண்டு என்ற நிச்சயம் மருந்தில் பாதிக்குச் சமானம்.

ஏன் பாதி என்கிறோமென்றால், மருந்தே விஷமாகிற ஒரு சங்கதி இதில் இருக்கிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு முதலிய மாத்திரைகளும் இன்சுலினும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்குகிறவை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாடு கிடைக்காமல் போனால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அபாயம். அப்போது உடம்பு வேர்க்கும், கை கால் நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும், பேச்சுக்குப் பேச்சு சம்பந்தமிருக்காது, பிறகு விழுந்துவிடுவான். இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வெள்ளை வேட்டிக்காரர் இப்படி விழுந்தால், “ஐயோ பாவம், மயக்கம்! சோடா கொண்டு வா” என்பான். கந்தைக்காரன் விழுந்தால், “பட்டப் பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான்” என்று தாண்டிப் போவான். ஒரே வேர்வை, ஒரே நடுக்கம், ஒரே தள்ளாட்டம். வேஷ்டியைப் பார்த்து நோய்ப் பெயர் வைக்கிற ஜனங்களல்லவா நாம்! மூன்று கரண்டிச் சர்க்கரையையோ ஒரு துண்டு வெல்லத்தையோ வாயில் போட்டால் கால் மணி நேரத்தில் எழுந்து உட்காரக் கூடியவன், குடிகாரன் என்ற ஒரு சொல்லால் பிளாட்பாரத்திலே செத்துப் போகலாம்.

ஊசி மருந்துக்காரன் கதியோ இன்னும் மோசம். மடியிலே ஊசியும் குழலும் வைத்திருக்கிறவனைச் சோதனை போடுகிறவர்கள் முதலில் சந்தேகிப்பது கஞ்சா, அபின் வகையறாவைத்தான். சீட்டைக் காட்டு என்றால், சீட்டு மழையில் நனைந்து கூழாய்ப் போயிருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, வீட்டுக்காரர்கள் இழந்த மெத்தையும் நாற்காலியும் பத்திரிகைகளில் வந்தன. பிளாட்பாரத்துக்காரன் இழந்தது ஒரு பிளாஸ்டிக் பையும் அதற்குள்ளிருந்த ஒரு மாத மாத்திரையும்தான். ஆனால் அவனிடம் இருந்ததெல்லாம் அதுவே.

இனிக் காலைப் பற்றி. இவ்வியாதி நாளடைவில் பாதத்து நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியில்லாமல் ஆக்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்கிறவனுக்கு உள்ளங்கால் வெந்து கொப்புளமாவது தெரியாது. கண்ணாடித் துண்டு ஏறினதும் தெரியாது. இரவில் எலி கடித்தால்கூடத் தெரியாது. புண்ணாகி, சீழாகி, நாற்றம் எடுத்த பிறகுதான் தெரியும். அந்த நாற்றம் தெரிந்தவுடனே ஜனங்கள் விலகுகிறார்கள்; ஆஸ்பத்திரியிலும் விலகுகிறார்கள். விலகினால் புண் முற்றுகிறது. முற்றினால் காலை எடுக்க வேண்டியதாகிறது. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையே போதும். அதைப் பாதத்தில் பத்து இடத்தில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டால் சில நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிடும். ஆனால் அதற்கு அந்தக் காலைத் தொட வேண்டும். தீண்டாமை 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவால் ஒழிக்கப்பட்டதாய்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. தொட வேண்டிய காலைத் தொடாமல் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

பெண்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவதில்லை. வெட்கப்படுகிற விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். நாம் அப்படி விடப்போவதில்லை. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்தால் அடிக்கடி சிறுநீர் போகும், இரவில் நாலைந்து தடவைகூட. வீட்டிலிருப்பவருக்கு இது ஒரு தொந்தரவு. தெருவிலிருக்கிற பெண்ணுக்கோ இது ஒரு பயங்கரம். கட்டணக் கழிப்பிடத்தில் ஒவ்வொரு தடவைக்கும் காசு. இரவில் பூட்டியிருந்தால் இருட்டில் ஒதுங்க வேண்டும். அங்கே என்ன ஆபத்து என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவள் என்ன செய்கிறாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். தாகத்தால் நாக்கு ஒட்டினாலும் மாலைக்குமேல் ஒரு மடக்குக் குடிப்பதில்லை. அதனால் இரத்தத்தில் சர்க்கரை இன்னும் கெட்டிப்படுகிறது. நீர்த்தாரையில் புண் வருகிறது. கற்பைப் பற்றி மணிக்கணக்காய்க் காலட்சேபம் செய்கிற நாட்டில், ஒரு கிழவி பயமில்லாமல் இரவில் ஒன்றுக்குப் போக ஒரு கதவு இல்லை.

இன்சுலினைப் பற்றி ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். “குளிர்ப் பெட்டி இல்லாதவனுக்கு ஊசி மருந்து கொடுத்து என்ன பயன்? கெட்டுப் போகுமே” என்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு நிறுத்திக் கொள்ளுவது நியாயமல்ல. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தின் வடபாகத்தில் தாகாலே என்று ஓர் அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கும் குளிர்ப் பெட்டி கிடையாது, வெயிலோ கொடியது. அதே கேள்வி அங்கும் எழுந்தது. எல்லையற்ற மருத்துவர்கள் என்னும் சங்கத்தாரும் ஜெனிவா சர்வகலாசாலையாரும் சேர்ந்து, அம்முகாமின் குடிசைக்குள் இரவில் 25 டிகிரிக்கும் பகலில் 37 டிகிரிக்குமாக ஏறியிறங்குகிற சூட்டை அளந்து, அதே சூட்டில் நாலு வாரம் இன்சுலினை வைத்துச் சோதித்தார்கள். மருந்தின் வீரியம் குறையவில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். அதாவது நேர் வெயில் படாமல், தண்ணீர் விட்ட மண்பானைக்குள்ளோ நிழலான ஓரிடத்திலோ திறந்த புட்டியை நாலு வாரம் காப்பாற்றலாம். பானை செய்வது நம்மவர்களுக்குத் தெரியாத வித்தையா? வழியில்லை என்பதல்ல காரணம். வழி தேட மனமில்லை என்பதே காரணம்.

அந்த மருந்தின் சரித்திரத்தையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1921-ல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் நாய்களை வைத்துச் சோதனை செய்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதல் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மரணமே முடிவு. எந்தத் தீர்த்தமும் எந்த நேர்த்திக்கடனும் ஒரு பிள்ளையையும் பிழைக்க வைத்ததில்லை. கண்டுபிடித்தவர்கள் கோடீஸ்வரர்களாகியிருக்கலாம். ஆனால் அவர்கள் தங்கள் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகும் அம்மருந்து ஒருவனுக்கு எட்டவில்லையென்றால் அது கண்டுபிடித்தவர்களின் குற்றமல்ல.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம்; அப்படிச் சொல்லுவது பொய்யாகும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் “மக்களைத் தேடி மருத்துவம்” என்று ஒரு திட்டம் துவக்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள மாத்திரைகளைப் பெண் தொண்டர்கள் வீட்டு வாசலிலே கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாடு அது. நடக்க மாட்டாத கிழவர்களுக்கும், கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்கும் இது பெரிய உபகாரம். இதை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் வாசலைத் தேடி வருகிற மருந்து, வாசல் இல்லாதவனை எங்கே தேடும்? வீட்டு இலக்கத்தை வைத்துப் போடுகிற பட்டியலில் மேம்பாலத்து நாலாவது தூணுக்கு இலக்கம் ஏது? காப்பீட்டுத் திட்டமும் அப்படியே. குடும்ப அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும். வருமானமே இல்லை என்பதற்குச் சான்று வாங்க, அவன் எந்தக் கிராம அதிகாரியிடம் போவான்? எல்லாவற்றுக்கும் ஆதாரம் விலாசம். விலாசத்தைக் கேட்கிற ஒவ்வொரு காரியாலயமும், கேட்கிற அந்த நிமிஷத்திலேயே அவனை மனிதக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது.

தங்குமிடத்தைப் பற்றியும் சட்டம் இல்லாமலில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு இரவுத் தங்குமிடம் என்ற கணக்கில் வேண்டுமென்று வற்புறுத்திற்று. 2013-ல் மத்திய சர்க்காரும் நகர்ப்புற வீடற்றவர்களுக்கான தங்குமிடத் திட்டம் ஒன்று வகுத்தது. ஆகவே புதிதாய்ச் சட்டம் செய்யுங்கள் என்று கூட நாம் கேட்கவில்லை. இருக்கிற தங்குமிடங்களில் பூட்டுள்ள ஒரு மருந்துப் பெட்டியும், ஒரு சிறு குளிர்ப் பெட்டியும், இரவில் திறந்திருக்கிற கழிப்பிடமும் வையுங்கள், வாரம் ஒரு நாள் ஒரு நர்சு வந்து கால்களை அவிழ்த்துப் பார்க்கட்டும், ஆஸ்பத்திரிச் சீட்டில் “மார்க்கெட்டுப் பக்கம்” என்பதையே விலாசமாய் எழுதிக் கொள்ளும்படி உத்தரவு போடுங்கள், மாத்திரை எழுதுகிற டாக்டர், “இன்றைக்குச் சாப்பாடு உண்டா?” என்று கேட்டுவிட்டு எழுதட்டும் என்கிறோம். சாப்பாடு நிச்சயமில்லாதவனுக்கு, சர்க்கரையை அதிகமாய் இறக்கிவிடாத மெட்பார்மின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் கேட்டால்தானே தீர்மானிக்க முடியும்?

இதற்கெல்லாம் ஒரு ஆட்சேபணை வரும் என்பது நமக்குத் தெரியும். “அவர்களில் பலர் குடிக்கிறார்கள், கொடுத்த மாத்திரையை எறிந்துவிடுகிறார்கள், சொன்ன தேதிக்கு வருவதில்லை” என்பார்கள். சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பங்களாவிலிருக்கிற சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் சொன்னபடி நடக்கிறார்களா? தீபாவளிக்கு அவர்கள் வீட்டு ஜாங்கிரியை யார் சாப்பிடுகிறார்கள்? கிளப்பில் விஸ்கி குடித்துவிட்டுச் சர்க்கரை ஏறி வருகிறவரை எந்த ஆஸ்பத்திரியாவது வாசலில் நிறுத்தி யோக்கியதை விசாரிக்கிறதா? “சார், கொஞ்சம் கண்ட்ரோல் பண்ணணும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் சிரிப்பில் பாதியைத் தெருவிலிருக்கிறவனுக்கும் கொடுத்தால் அவனும் சொன்ன தேதிக்கு வருவான். போன தடவை வையப்பட்ட இடத்துக்கு மறுபடி போகாமலிருப்பது சோம்பேறித்தனம் அல்ல. அவனுக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்சம் சுயமரியாதை அது.

நம் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தெருவில் ஒருவர் தள்ளாடி விழுந்தால் முதலில் “குடி” என்ற வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். நினைவிருந்து விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் வெல்லமோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குச் சொல்லி, வண்டி வரும்வரை கூட நில்லுங்கள். அன்னதானம் செய்ய ஆசைப்படுகிற சிநேகிதர் யாராவது இருந்தால், கேசரிக்குப் பதில் சுண்டலும் முட்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். புண்ணியம் குறைந்துவிடுமோ என்று அவர் பயந்தால் அந்தப் பாவத்தை நம் கணக்கில் எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு டீக்கடைத் தோழர், கடைக்கு எதிரே படுக்கிற ஒரு அம்மாளுடைய இன்சுலின் புட்டியைத் தம் கடைக் குளிர்ப் பெட்டியில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், உறைந்து போகாத கீழ்த் தட்டில் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் அந்த அம்மாள் வந்து வாங்கி, கடைக்குப் பின்புறம் போய்ப் போட்டுக்கொண்டு, புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு இரண்டு இட்லி. காசு இருக்கிற நாளில் காசு, இல்லாத நாளில் கணக்கு. இப்படிப் புட்டிக்கு இடம் கொடுக்கச் சம்மதிக்கிற கடைக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் சிலராவது இருப்பார்கள். அவர்கள் கடை எந்தத் தெருவில் இருக்கிறதென்று அந்தந்த ஊர்க் கிளைச் சங்கத்தார் விசாரித்து, பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சுகளிடம் ஒரு ஜாபிதா கொடுத்து வைக்கும்படியும், நமக்கும் ஒரு கார்டு எழுதும்படியும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.